டவருக்கு வேலை போய்விடுமா?

செயற்கைக்கோள் இணையம் பற்றிப் பேசும்போது பலர் மூன்று வெவ்வேறு சரக்கை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பழைய வகை ஒன்று. சுமார் 550 கிலோமீட்டரில் ஓடும் ஸ்டார்லிங்க் போன்றவை மாடியில் வைத்த டிஷ்ஷுக்குத் தருவது இன்னொன்று. சட்டைப்பையில் கிடக்கும் சாதாரண போனுக்கே நேராக வருவது மூன்றாவது. முதல் வகையில் நம் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகிவிடும். வீடியோ காலில் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் ஏறுவார். "சாட்டிலைட் என்றாலே ஸ்லோ" என்பவர்கள் அதை நினைத்துச் சொல்கிறார்கள். "இனி டவரே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் பரப்புபவர்களோ டிஷ்ஷின் வேகத்தைப் போனுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

இந்த இரண்டாவது தவறுதான் பெரிது. தி.நகர் மாதிரி இடத்தில் சில நூறு மீட்டருக்கு ஒரு டவர். அதே அலைக்கற்றையை ஒவ்வொரு டவரும் தன் சின்ன வட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. செயற்கைக்கோளிலிருந்து டார்ச் வெளிச்சம்போல் விழும் சிக்னல், அதாவது பீம், அப்படியல்ல. பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். தெருவுக்கு ஒரு குழாய் இருப்பதும் ஊருக்கே ஒரு குழாய் இருப்பதும் ஒன்றா? போனுக்கு நேராக வரும் சேவையில் ஒரு பீமுக்கு நொடிக்குச் சுமார் 7 மெகாபிட்தான், இருக்கிற செல்போன் சேவைக்கு இது போட்டியாகாது என்று ஸ்டார்லிங்க் முதலாளி எலான் மஸ்க்கே 2024 ஜனவரியில் எழுதினார். விற்பவரே ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை! புதிய செயற்கைக்கோள்கள் இந்த அளவைக் கூட்டும்தான். ஆனால் ஒரு பீமைப் பங்குபோடும் ஆட்களின் எண்ணிக்கை என்ற கணக்கு மாறாது.

சரி, அப்படியானால் இது வீண்வேலையா? அப்படி முடிவுகட்டுவதும் தவறு. 66 செயற்கைக்கோள்களுடன் 1998 நவம்பரில் வந்த இரிடியம் என்ற சாட்டிலைட் போன் நிறுவனம் 1999 ஆகஸ்டிலேயே திவாலானது. செங்கல் கனத்தில் போன், யானை விலை, கட்டடத்துக்குள் போனால் பேச முடியாது. அதற்குள் டவர்கள் ஊரெல்லாம் முளைத்துவிட்டன. ஆனால் இரிடியம் சாகவில்லை. டவர் போகாத இடங்களில் இன்றும் ஓடுகிறது.

அந்த இடங்கள் எவ்வளவு முக்கியம் என்று குமரி மாவட்டக் கடற்கரையில் கேட்டுப் பாருங்கள். கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தாண்டினால் டவர் கிடையாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும். அங்கே அந்த 7 மெகாபிட் தாராளம்.

கேபிளே இல்லாததால் சாட்டிலைட் இணையம் அறுபடாது என்று சிலர் சொல்வதும் பாதி உண்மைதான். சிக்னல் கடைசியில் ஏதோ ஒரு தரைநிலையத்தில் இறங்கி ஃபைபர் கேபிளில்தான் போகிறது. 2025 ஜூலை 24 அன்று மென்பொருள் கோளாறால் ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் படுத்துக்கொண்டது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் இந்தியாவில் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் கைதானவர்கள் உண்டு. அப்புறம், டிஷ் வாங்க நினைப்பவர்கள் முதலில் மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை வானத்தை மறைத்தால், ஓலை ஆடும்போதெல்லாம் இணைப்பும் விட்டுவிட்டு வரும்.