பிங் எகிறினால் பேக்கேஜை மாற்றாதீர்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் தெரிந்தவர்களின் வீடுகளுக்கு ரவுட்டர் அமைத்துக் கொடுக்கப் போவதுண்டு. ஒன்லைன் கேம் விளையாடப் புதிதாகத் தொடங்கிய பிள்ளைகள், அவர்களுக்கு முன் வந்தவர்கள் விட்ட பிழைகளையே திரும்ப விடுகிறார்கள். ரவுட்டரை அலுமாரிக்குள் வைக்கக் கூடாது, பழுதான கேபிளை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

## லேக் வந்தவுடன் பெரிய பேக்கேஜ்

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடிவதில்லை. மாதாமாதம் வீட்டுக் காசைத் தின்னும் பிழை இது.

அண்மையில் ஒரு ஃபிளாட்டில் ஏ.எல். படிக்கும் தம்பி சொன்னார்: "அண்ணா, போன மாதம்தான் ஸ்பீடைக் கூட்டினோம். அப்படியும் இரவில விளையாட ஏலாமல் கிடக்கு." ஸ்பீட் டெஸ்ட் செய்தால் பேக்கேஜில் சொன்ன வேகம் முழுதாக வந்தது. 1.1.1.1 என்ற பொது முகவரிக்குப் பிங்கை, அதாவது ஒரு சின்னச் செய்தி அங்கே போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை, நிறுத்தாமல் அளக்கவிட்டோம். நல்ல எண்தான். பிறகு அம்மா வேலையால் வந்தார். அவருடைய ஃபோன் வைஃபையில் ஏறி, அன்று எடுத்த வீடியோக்களை கூகுள் ஃபோட்டோஸுக்கு அனுப்பத் தொடங்கியது. பிங் பல நூறு மில்லிசெக்கனுக்குப் பாய்ந்தது. அந்த நேரம் வீட்டில் ஒரு டவுன்லோட்கூட ஓடவில்லை.

கேமுக்குப் பெரிய வேகம் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு 1 எம்பிபிஎஸ்ஸே (செக்கனுக்கு 1 மெகாபிட்) தாராளம். அதன் பாக்கெட்டுகள் (அனுப்பும் தகவல் துண்டுகள்) எங்கும் காத்து நிற்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். டவுன்லோடும் அப்லோடும் வேறு மாதிரி. லைனில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் நிரப்பி, பாக்கெட் ஏதாவது தவறும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ரவுட்டரின் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம், பெரிதாக இருந்தால் பாக்கெட் தவறாது, வரிசையில் குவியும். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) குவிந்தால் அது வெளியேற 0.8 செக்கன் பிடிக்கும். உங்கள் கேமின் சின்னஞ்சிறு பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இதைத்தான் பஃபர்ப்ளோட் என்கிறார்கள்.

இப்போது 100 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்கினால் என்ன நடக்கும்? கேம்களை இறக்கும் ஸ்டீம் செயலி அந்த 200-ஐயும் நிரப்பும். டவுன்லோட் சீக்கிரம் முடியும், சரி. ஆனால் முடியும்வரை வரிசை வரிசைதான். அப்லோடின் வேகம் கூடாத பேக்கேஜ் என்றால் அந்தத் தம்பி வீட்டுக் கதைதான்.

வரிசையை ஒழுங்குபடுத்த வழி எப்போதோ வந்துவிட்டது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து எஃப்கியூ-கோடல் வந்தது, பிறகு கேக் வந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் இவை எஸ்கியூஎம் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கும். கேம், வீடியோ, டவுன்லோட் என ஒவ்வொன்றையும் தனி வரிசையில் விட்டு, கொஞ்சமாக அனுப்புபவரை முன்னால் போகவிடும். அந்த வீட்டில் இதைப் போட்டதும் அப்லோட் ஓடும்போதும் பிங் அசையவில்லை. பழைய பேக்கேஜுக்கே திரும்பினார்கள்.

## எஸ்கியூஎம்மில் முழு வேகத்தையும் எழுதுவது

போட்டும் பலன் இல்லை என்பவர்களின் ரவுட்டரைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான். முழு வேகத்தையும் எழுதினால் வரிசை பழையபடி இணைப்புத் தந்த கம்பனியின் பெட்டியிலேயே குவியும். அங்கே உங்கள் ரவுட்டரால் எதுவும் செய்ய முடியாது. நம் ரவுட்டர்தான் லைனில் ஆக மெதுவான இடமாக இருக்க வேண்டும். இரவு எட்டு, ஒன்பது மணிபோல் வேகத்தை அளந்து, வந்த எண்ணில் 85 முதல் 90 சதவீதத்தை எழுதுங்கள். அலகு கிலோபிட், எனவே 100 எம்பிபிஎஸ் வந்தால் 90000. டவுன்லோட், அப்லோட் இரண்டையும் நிரப்புங்கள். 0 என்று விட்டால் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தம்.

பத்து வீதத்தை இழக்க எல்லோருக்கும் மனம் வராது. ஒரு பெரிய கேம் பத்து நிமிடம் பிந்தி இறங்கட்டும், அதனால் என்ன?

ரவுட்டரில் ஃப்ளோ ஓஃப்லோடிங் என்ற குறுக்குவழி வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது பாக்கெட்டுகளை எஸ்கியூஎம்மைத் தொடாமலே அனுப்பிவிடும். மலிவான ரவுட்டரின் சிபியூ வேகமான ஃபைபர் லைனுக்கு எஸ்கியூஎம் செய்யத் திணறும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## கம்பனி ரவுட்டரின் வைஃபையை அணைக்காமல் விடுவது

எஸ்கியூஎம் உள்ள புது ரவுட்டரைக் கம்பனி ரவுட்டரின் பின்னால் பூட்டி, எல்லாம் வடிவாக அமைத்திருப்பார்கள். ஆனால் டிவியும் அம்மாவின் ஃபோனும் இன்னும் பழைய வைஃபையிலேயே இருக்கும். அவை எஸ்கியூஎம்முக்கு வெளியே. பழைய வைஃபையை அணையுங்கள்.

## கேம் ஒவ்வொன்றுக்கும் போர்ட் விதி எழுதுவது

எந்தக் கேம் எந்த வழியால் போகிறது என்று ரவுட்டருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை, எஸ்கியூஎம் தானே பிரித்துவிடும்.

## நள்ளிரவு வரை காத்திருந்து, நள்ளிரவிலேயே விளையாடுவது

இரவுக்குத் தனி டேட்டா தரும் பேக்கேஜ்கள் இங்கே உண்டு. அதனால் வீட்டில் எல்லோருடைய டவுன்லோடும் பன்னிரண்டு மணிக்கு ஒன்றாகத் தொடங்கும், ரேங்க் மேட்சும் அதே நேரத்தில். அப்டேட்டை விடிய நான்கு மணிக்கு என்று ஸ்டீமிலேயே நேரம் குறித்து வைக்கலாம். வேகத்துக்கு எல்லை போடும் வசதியும் அங்கேயே உண்டு, ஆனால் பிட்டையும் பைட்டையும் குழப்பாதீர்கள். 50 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு 6.25 மெகாபைட்.

## சிங்கப்பூர் பிங்கை ரவுட்டரால் குறைக்கப் பார்ப்பது

கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். ஃபைபரில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் போகும். கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலே போய்வர 27 மில்லிசெக்கன். அதற்குக் கீழே எந்த ரவுட்டரும் கொண்டுபோகாது. வீட்டில் யாரும் நெட் பாவிக்காதபோது வரும் பிங்தான் உங்கள் அடிப்படை எண், அதற்கு மேல் ஏறுவதைத்தான் நாம் தடுக்கிறோம்.

## 4ஜி ரவுட்டரில் ஒரே எண்ணை எழுதி மறப்பது

டவரில் ஆட்கள் கூடக்கூட வேகம் மாறும், காலையில் எழுதிய எண் இரவில் செல்லாது. இரவில் வரும் ஆகக் குறைந்த வேகத்தை எழுதுங்கள். அப்படிச் செய்தால் பகலில் வீணாகிறதே என்று தோன்றினால், கேக்-ஓட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் வேகத்தையும் பிங்கையும் கவனித்து எண்ணைத் தானே மாற்றும்.