சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் பெறுவது எப்படி: மலையக வைத்தியசாலைகளில் பயிற்சி பெறும் இளம் வைத்தியர்களுக்கு

நுவரெலியா, பதுளை போன்ற மலையக வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை வாட்டுகளில் உள்ளகப் பயிற்சிக்கு வரும் வைத்தியரிடம், நோயாளியின் சம்மதத்தைப் பெறும் வேலை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ஒப்படைக்கப்படுகிறது. டிக்கெட்டில், அதாவது நோயாளியின் வாட்டுக் குறிப்பேட்டில், ஒரு கையொப்பம் விழுந்தால் அது முடிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். ஆனால் பிரித்தானிய, அயர்லாந்து சத்திரசிகிச்சைக் கல்லூரிகள் நடத்தும் எம்.ஆர்.சி.எஸ். தேர்வின் இரண்டாம் பகுதியில், உடற்கூற்றியலுக்கும் நோயாளியைப் பரிசோதிக்கும் முறைக்கும் அருகே, நோயாளிக்கு விளக்கமளிக்கும் திறனும் தனியாகச் சோதிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட, 19 அம்சங்களைக் கொண்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும், மயக்க மருந்து கொடுக்குமுன் உறுதிசெய்ய வேண்டியவற்றுள் முதலாவதிலேயே நோயாளியின் அடையாளம், அறுக்கும் இடம், செய்யப்போகும் சிகிச்சை ஆகியவற்றுடன் சம்மதமும் சேர்ந்திருக்கிறது.

சத்திரசிகிச்சையைச் செய்யப்போகிறவரோ, அதை நன்கு அறிந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவரோதான் சம்மதம் பெற வேண்டும். ஒரு சிகிச்சையின் பின்விளைவுகளை நீங்களே சரியாக அறியாவிட்டால், மூத்த வைத்தியரிடம் அதைச் சொல்லி அவரை அழைத்துவருவது கடமைதவறல் ஆகாது. முன்கூட்டிக் கொடுக்கும் மயக்க மருந்துக்குப் பின்னரோ, தியேட்டர் மேசையிலோ பெறும் சம்மதத்தை நம்ப முடியாது. கிளினிக்கிலேயே பேச்சைத் தொடங்கி, வாட்டில் அனுமதித்த பின் திரையை இழுத்துவிட்டு, நின்றபடி அல்லாமல் அமர்ந்து பேசுங்கள்.

தோட்டத்திலிருந்து வரும் பலர், துரைமாரிடமும் வெள்ளைக் கோட்டு அணிந்தவரிடமும் மறுத்துப் பேசிப் பழகாதவர்கள். "விளங்குதா அம்மா?" என்று கேட்டால் "விளங்குதுங்க ஐயா" என்றே பதில் வரும், அது மரியாதைச் சொல்லே அன்றிச் சம்மதம் அல்ல. ஆகவே, "வீட்டுக்குப் போனதும் ஒங்க மகள் கேட்டா, என்ன ஒப்பரேஷன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள். விடுபட்டதை மீண்டும் விளக்கி, மறுபடியும் கேளுங்கள். என் பார்வையில், இந்த ஒரு கேள்வி நான்கு பக்கப் படிவத்தைவிடப் பயனுள்ளது. தமிழ் அறியாத வைத்தியர், தமிழ் பேசும் தாதியையோ வேறொரு ஊழியரையோ வைத்துப் பேச வேண்டும். நோயாளியின் பிள்ளையையோ பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையோ மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. கர்ப்பப்பை, மூலம், விதை பற்றிய பேச்சில் அவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதை நோயாளியின் வாழ்க்கையே தீர்மானிக்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் மொன்ற்கோமரி வழக்கில், அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய அபாயங்களையும், நியாயமான மாற்று வழிகளையும் தெரிவிக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பிரித்தானியத் தேர்வுகளுக்குப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டியது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குத் தொப்புள் குடலிறக்கத்தைச் சரிசெய்ய வலை வைக்கப்போவதாகக் கொள்வோம். காயத்தில் கிருமித் தொற்று, நீர் கட்டுதல், குடலிறக்கம் மீண்டும் வருதல் ஆகியவற்றைச் சொல்வதோடு, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்கலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு அதன் பொருள், கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாது, அத்தனை நாளும் பேர் (நாட்சம்பளம்) இல்லை என்பதுதான். சிகிச்சையை ஒத்திப்போட்டால் குடல் சிக்கி இறுகி அவசரமாக அறுக்க நேரிடலாம் என்பதையும் அவர் அறிந்தால்தான், கொழுந்து குறைந்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று உங்களிடம் கேட்க முடியும். கோயிலில் பாடுகிறவருக்குத் தைரொயிட் அறுவை என்றால், குரல் மாறக்கூடும் என்பதை முதலில் சொல்லுங்கள்.

வயதுவந்த பெண்ணின் சம்மதம் அவருடையதே. "வீட்டுக்காரர கேட்டு சொல்றேங்க" என்றால் அவகாசம் கொடுங்கள், ஆனால் கணவரின் கையொப்பத்தை அவருடைய கையொப்பத்துக்குப் பதிலாக ஏற்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். பிள்ளைக்கும் விளங்கும் அளவு சொல்லுங்கள். நினைவிழந்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்காக உறவினரைத் தேடிக் காத்திருக்கத் தேவையில்லை. அவசரத்துக்கான காரணத்தை எழுதிவிட்டு, மூத்த வைத்தியரின் முடிவோடு தொடரலாம்.

எழுத அறியாதவரிடம் கைநாட்டுப் பெறும்போது, விளக்கம் கொடுத்த வேளையில் உடனிருந்த ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். டிக்கெட்டில் "சம்மதம் பெறப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், எந்தெந்த அபாயங்களைச் சொன்னீர்கள், எந்த மொழியில், யார் மொழிபெயர்த்தார், நோயாளி என்ன கேட்டார் என்பவற்றைத் திகதியுடனும் நேரத்துடனும் குறியுங்கள். சிகிச்சை நாளன்று காலையில், அறுக்கும் பக்கத்தில் அழியாத மையால் அம்புக்குறி இடுமுன், எந்தப் பக்கம் என்று நோயாளியிடமே கேளுங்கள். அவர் அப்போது மனம் மாறி வேண்டாம் என்றால், அதையும் எழுதி, தியேட்டருக்கு அனுப்புமுன் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அறிவியுங்கள்.