பச்சிளம் குழந்தைக்குக் கார் சீட்டும் ஸ்ட்ரோலரும்: பார்த்து வாங்குவது, சரியாகப் பொருத்துவது

பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது தொட்டில், துணி, கொசுவலை எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். கார் சீட் மட்டும் "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். ஆனால் குழந்தையின் முதல் கார் பயணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் அன்றே நடக்கிறது. மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். போதாது. 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதன் மீதாவது மோதி நின்றால், 4 கிலோ குழந்தை அந்த ஒரு கணத்தில் கிட்டத்தட்ட 100 கிலோ பாரம்போல முன்னால் இழுக்கும். எப்பேர்ப்பட்ட கையும் அதைத் தாங்காது.

எனவே பிரசவ தேதிக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, காரில் மாட்டிப் பழகிவிடுங்கள்.

முதலில் உங்கள் காரைப் பாருங்கள்

பின் சீட்டில் உட்காரும் பகுதியும் சாய்மானமும் சேரும் இடுக்கில் கைவிட்டுத் தடவுங்கள். 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு கெட்டியான இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் வசதி, அதாவது பெல்ட் இல்லாமல் கார் சீட்டை அந்த வளையங்களிலேயே நேராக மாட்டும் வசதி, இருக்கிறது. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். தோளையும் இடுப்பையும் பிடிக்கும் சாதாரண சீட் பெல்ட்டிலேயே நல்ல கார் சீட்டை உறுதியாகக் கட்டலாம். நடு சீட்டில் இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள கார் என்றால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கடைக்குக் காரோடு போங்கள். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் இருக்கும்படி பின்னோக்கிப் பார்க்கும் சீட்டைச் சுற்றிவர நிறைய பெல்ட் தேவைப்படும். சில கார்களில் பெல்ட் நீளம் எட்டாது. சின்ன கார்களில் முன் சீட்டை நகர்த்தாமல் இடம் கிடைக்காது. நகர்த்திய பிறகு முன்னால் ஓர் ஆள் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்று உட்கார்ந்தே பாருங்கள். தரையில் ஊன்றும் தாங்கு கால் உள்ள மாடல் என்றால், அந்தக் கால் நிற்கும் இடத்துக்கு அடியில் பொருள் வைக்கும் வெற்றுப் பெட்டி இருக்கக் கூடாது. மோதலில் மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், திருப்பி அனுப்ப வழி உண்டா என்று முதலில் பாருங்கள்.

எந்த வகை?

பிறந்த குழந்தைக்கு இரண்டு வகை உண்டு. கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் கூடை வடிவ சீட் பொதுவாகக் குழந்தையின் எடை 13 கிலோ ஆகும்வரை. முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் வைக்கக்கூடிய கன்வெர்டிபிள் பெரும்பாலும் 18 கிலோ வரை. வாடகைக் காரில் அடிக்கடி போகிறவர்களுக்குக் கூடைதான் வசதி. சொந்தக் கார், வாரத்துக்கு ஓரிரு பயணம் என்றால் நல்ல கன்வெர்டிபிள் ஒன்றே போதும், பணமும் மிச்சம். ஒரே நிபந்தனை: பிறந்த குழந்தைக்கு ஏற்ற அளவு அது சாய வேண்டும்.

சீட்டைத் திருப்பி, ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற வில்லையைத் தேடுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஆர் 44/04 என்றால் எடையை வைத்து வகுத்த பழைய தரம். ஆர் 129 என்றால் உயரத்தை வைத்து வகுத்த புதிய தரம், பக்கவாட்டு மோதல் சோதனையும் இதில் உண்டு. இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. இவற்றில் எதுவும் இல்லாமல், சாய்மானத்தில் நாடா கட்டி மாட்டும் துணிப் பைகள் 'கார் சீட்' என்ற பெயரில் மலிவாக விற்கின்றன. அவற்றை வாங்கவே வாங்காதீர்கள், விபத்தில் அவை தாங்காது. பழைய சீட் கிடைத்தால், அது விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

பொருத்தும் விதம்

தவறுகள் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சீட் காரின் பின்பக்கத்தில், குழந்தையின் முகம் பின் கண்ணாடியைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் பை சீட்டின் முதுகில் அறைந்து குழந்தையின் உயிரையே பறித்துவிடும். பின்னோக்கி எதற்கு என்றால், பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு, கழுத்தோ பிஞ்சு. பின்னோக்கி இருந்தால் மோதலின் அதிர்ச்சியை முதுகு, கழுத்து, தலை மூன்றும் சேர்ந்து சீட்டின் ஓட்டில் வாங்கும். ஆர் 129 விதிப்படி குறைந்தது 15 மாதம் இப்படித்தான். சீட்டின் வரம்பு அனுமதிக்கும்வரை நீட்டித்தால் இன்னும் நல்லது.

பெல்ட்டில் கட்டும்போது, நீல நிறக் குறிகள்தான் பின்னோக்கி வைப்பதற்கான வழி. சிவப்பு முன்னோக்கி வைப்பதற்கு. பெல்ட்டை மாட்டிய பின் ஒரு கையால் சீட்டை அழுத்திக்கொண்டு, மறு கையால் தொய்வை முழுக்க இழுங்கள். பிறகு பெல்ட் கடக்கும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.-க்கு மேல் அசைந்தால் மறுபடி கட்டுங்கள். தலைமாட்டைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது கோளாறு அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: காரின் பெல்ட் பூட்டுப் பெட்டி சீட்டின் விளிம்பில் மடங்கி நிற்கக் கூடாது. மோதலில் அது நெரிந்து திறந்துகொள்ளலாம். ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் 'க்ளிக்' கேட்டு, பச்சைக் குறி தெரிய வேண்டும்.

கடைசியாகச் சாய்வு. சீட்டின் பக்கவாட்டில் உள்ள கோடு தரைக்கு இணையாக நிற்க வேண்டும். நிமிர்ந்து போனால் தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுப் பாதை அடைபடும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

குழந்தையை உட்கார வைத்தல்

துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைக்காதீர்கள். கால்களுக்கு நடுவே வரும் பட்டை சரியாக உட்காராது. சுற்றியதைப் பிரித்து, இடுப்பும் முதுகும் சீட்டை ஒட்டும்படி வையுங்கள். தோள் மேல் வரும் பெல்ட் பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். தொய்வை இடுப்பிலிருந்து மேல்நோக்கி இழுத்து, காறை எலும்பருகே பட்டையை இரு விரலால் நிமிண்டுங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது. குளிராக இருந்தால் பூட்டிய பிறகு மேலே போர்த்துங்கள். தனியாக விற்கும் கழுத்துத் தலையணையும் மெத்தையும் வேண்டாம்.

முதல் வாரங்களில் ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுங்கள். வழியில் அழுதால் "எடுத்துப் பால் கொடு" என்று காரில் எல்லோரும் சொல்வார்கள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எடுங்கள், ஓடும் வண்டியில் வேண்டாம். வீடு வந்ததும் தூங்கினாலும் சீட்டிலிருந்து எடுத்துப் படுக்க வையுங்கள். வெயிலில் நிறுத்திய கார் என்றால், பூட்டின் உலோகத்தை உங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். நிறுத்தும்போதே வெள்ளைத் துண்டால் மூடினால் அவ்வளவாகச் சுடாது.

ஸ்ட்ரோலர்

ஆறு மாதம்வரை முழுதாகச் சாய்ந்து தட்டையாகும் ஸ்ட்ரோலரே ஏற்றது. குழந்தையைப் பிடிக்கும் பெல்ட் ஐந்து பட்டையாக (தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று) இருக்கட்டும். கார் சீட்டை அதன் மேல் மாட்டும் வகை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கான இணைப்பும் தனி விலையா என்று கேளுங்கள்.

உங்கள் தெருவை நினைத்து வாங்குங்கள். சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் மணலிலும் உடைந்த நடைபாதையிலும் சிக்கும். பெரிய சக்கரம், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் இருந்தால் பரவாயில்லை. மாடி வீட்டுக்கு லிஃப்ட் இல்லையென்றால் 6, 7 கிலோவுக்குள் பாருங்கள். இருந்தால் லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். கடையில் ஓர் அரிசிப் பையை வைத்து ஒரே கையால் தள்ளி, திருப்பி, பிரேக் போட்டுப் பார்க்கலாம்.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் பின்பக்கம் கவிழும். பொருளைக் கீழ்க்கூடையில் வையுங்கள். வெயிலுக்காக மேலே துணி போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணியானாலும் உள்ளே காற்றோட்டமின்றிச் சூடேறும். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தைகளின் கை எட்டாத தூரத்தில் செய்யுங்கள், கீல்கள் விரலை நசுக்கும்.