பொத்தானும் சாக்பீஸும்: விண்கல் செய்தி வந்தால் எப்படிப் பேசுவது

2025 ஜனவரி கடைசியில் ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண், பணத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள். "அக்கா, 2032 டிசம்பர்ல பூமி மேல கல்லு விழப்போகுதாமே? என் பொண்ணுக்கு அப்போ பதினஞ்சு வயசு."

"அதெல்லாம் புரளி" என்று அனுப்பியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், செய்தி உண்மைதான். ஆனால் விழப்போகிறது என்றும் யாரும் சொல்லவில்லை. ஆலங்காயத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். காவலூர் வானாய்வகம் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. பள்ளி நாளில் அங்கே தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்த்ததிலிருந்து வானத்துச் செய்தி எது வந்தாலும் விடாமல் படிப்பேன். பயந்து கேட்பவரிடம் எப்படிப் பேசுவது என்று நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல்லின் பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லாத செய்தியை வைத்துப் பேச ஒன்றுமில்லை. அன்றைக்கு வந்த செய்தி 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைப் பற்றியது. 2024 என்பது கண்டுபிடித்த ஆண்டு. ஒய் என்றால் டிசம்பரின் பின்பாதி. அடுத்து வருவது வரிசை எண். ஆங்கில எழுத்துகளில் ஐயை விட்டுவிட்டு 25 எழுத்துகளைச் சுற்றுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 4 என்றால் நான்கு சுற்று முடிந்துவிட்டது, அது 100. ஆர் பதினேழாவது எழுத்து. ஆக, அந்தப் பதினாறு நாளில் பதிவான 117வது பொருள் இது. இதைக் கேட்டதும் அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. "அத்தனை கண்டுபிடிக்கிறாங்களா?" என்றாள். பெயர் தெரிந்ததுமே பேச்சு பயத்திலிருந்து கொஞ்சம் விலகிவிடுகிறது.

அடுத்து, எத்தனை நாள் பார்த்துச் சொன்ன கணக்கு என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27ல் இதைக் கண்டது. சில வாரங்கள் பார்த்ததை வைத்து எட்டு ஆண்டுக்குப் பிறகு அது எங்கே இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பாவாடை வெட்டும்போது இடுப்பில் கால் இஞ்ச் சாய்ந்தால் கீழ் விளிம்பில் அது எவ்வளவாகத் தெரியும் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். அதுபோலத்தான் இங்கேயும். 2032ல் அந்தக் கல் இருக்கக்கூடிய இடம் ஒரு புள்ளியாக அமையாமல் மிக நீண்ட கோடாக அமையும். பூமி அந்தக் கோட்டின் மேல் எங்கோ உட்கார்ந்திருக்கும்.

இதை வாயால் சொன்னால் புரியாது, செய்து காட்டுங்கள். நான் கருநீல லைனிங் துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் 50 இஞ்ச் கோடு போட்டேன். இடது முனையிலிருந்து ஆறு இஞ்ச் தள்ளி, கோட்டின் மேல் அரை இஞ்ச் பொத்தான் ஒன்றை வைத்தேன். பொத்தான்தான் பூமி. கோட்டில் பொத்தான் அளவு நூறு இடம் இருக்கிறது. அவற்றில் ஒன்றில் பூமி, அதாவது 1 சதவீதம். ஜனவரி கடைசியில் வந்த கணக்கு ஏறக்குறைய இதுதான்.

இன்னும் சில வாரம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கல் இந்தப் பக்கம் இருக்க முடியாது" என்று தெரிகிற பகுதியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வர வேண்டும். வலப்பக்கம் நிறையத் துடைத்து, இடப்பக்கமும் கொஞ்சம் துடைத்தால் 16 இஞ்ச் மிஞ்சும். பொத்தானும் நகரவில்லை, கல்லும் பாதை மாறவில்லை. ஆனால் இப்போது 32ல் ஒன்று, அதாவது 3.1 சதவீதம். 2025 பிப்ரவரி 18ல் நாசா சொன்ன எண் இதுவேதான். "ஆபத்து மூன்று மடங்கு கூடியது" என்று தலைப்புப் போட்டார்கள். உண்மையில் நடந்தது கோடு சுருங்கியது மட்டும்தான்.

மறுபடி இடப்பக்கம் துடையுங்கள். கோட்டின் முனை பொத்தானைத் தாண்டிய கணம் எண் மளமளவென்று விழும். பிப்ரவரி 20ல் 0.28 சதவீதம், 24ல் 0.004 சதவீதம். நிஜத்தில் கோட்டின் நடுவில் வாய்ப்பு அதிகம், ஓரத்தில் குறைவு. கடை மேசைக்கு இந்த அளவு விளக்கம் போதும்.

துடைக்கும் துணியைக் கேட்பவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தேன். எண் ஏறி இறங்குவதைத் தன் கையால் செய்து பார்த்தவர், அடுத்த முறை "கூடிவிட்டது" என்று கேட்டு அவ்வளவு சுலபத்தில் கலங்க மாட்டார்.

அளவைப் பற்றிக் கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள். ஒளியை மட்டும் பார்த்தால் சின்ன வெளிர்க் கல்லும் பெரிய கரிய கல்லும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் முதலில் 40 முதல் 90 மீட்டர் என்றார்கள். விண்வெளியில் இருக்கும் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பிறகு சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது. சின்னக் கல்தானே என்று தள்ளிவிடவும் கூடாது. 2013 பிப்ரவரி 15ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது ஏறத்தாழ 20 மீட்டர்தான். வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலோரம் போனவர்கள் மீது, பிறகு வந்த அதிர்வில் கண்ணாடி உடைந்து தெறித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வானத்தில் அப்படி ஒரு பளிச்சைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

"ஆபத்தான விண்கல் பூமியை நெருங்குகிறது" என்று வந்தால், தூரத்தை 3,84,400 கிலோமீட்டரால் வகுங்கள். நிலாவைப்போல எத்தனை மடங்கு தூரம் என்று தெரிந்துவிடும். கல் சுமார் 140 மீட்டருக்கு மேல் இருந்து, அதன் சுற்றுப்பாதை நம் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வந்தாலே அந்தப் பட்டம் கிடைத்துவிடும். அதாவது நிலாவைப்போல இருபது மடங்கு தூரம்.

அடுத்த பெரிய பேச்சு அபோஃபிஸ் என்ற சிறுகோளைப் பற்றியதாக இருக்கும். 2029ல் அது பூமியில் மோதும் வாய்ப்பு 2004 டிசம்பரில் 2.7 சதவீதம்வரை ஏறியது. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அது பதிந்திருந்ததைத் தேடி எடுத்ததும், 2029ல் மோதாது என்று உறுதியானது. பழைய படமும் துடைக்கும் துணிதான். 2021ல் ரேடாரில் அளந்து, இன்னும் நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்றார்கள். நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் விடியற்காலை மூன்றேகால் வாக்கில் அது தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடந்து போகும்.

அந்தப் பெண்ணின் மகள் இப்போது விடுமுறையில் கடைக்கு வந்து பொத்தான் தைக்கப் பழகுகிறாள். அந்தத் தேதியை என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள்தான் எழுதிவைத்திருக்கிறாள்.