கடற்கரையில் நடனக் குறும்படம்: ஒத்திகையும் டெஸ்ட் ஷூட்டும்

அரங்கத்துக்காக அமைத்த பரதநாட்டிய உருப்படியை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படம் பிடித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் முதல் நாளிலேயே தடுமாறுவார்கள். மணலும் வெயிலும் காற்றும் நடன அமைப்பில் கை வைக்காமல் விடா. எந்த அடவு (அடிப்படை நடன அசைவு) அந்த இடத்தில் நிற்கும், எது நிற்காது என்று பார்த்துக்கொள்வதற்காகத்தான் டெஸ்ட் ஷூட். அதில் நல்ல காட்சி ஏதேனும் கிடைத்தால் அது உபரி. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரையில், ஒருவரோ இருவரோ ஆடும் நான்கைந்து நிமிடக் குறும்படத்தை மனத்தில் வைத்து இக்குறிப்புகளை எழுதுகிறேன்.

இடம் பார்க்கப் போகும்போது நடனக் கலைஞரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்தே போக வேண்டும். படம் எடுக்கப்போகும் அதே வேளையில் போக வேண்டும். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் ஆடுபவர் கரிய நிழலுருவாகத்தான் தெரிவார். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமரும் அரைமண்டியின் வடிவத்துக்கும் கை நீட்டங்களுக்கும் அது அழகு சேர்க்கும், முகபாவத்தை நம்பும் அபிநயத்துக்கு உதவாது. முகம் தெரிய வேண்டுமானால் கேமராவைக் கடற்பக்கம் வைத்து, சவுக்குத் தோப்பையோ படகுகளையோ பின்னணியாகக் கொள்ளலாம். கடலும் வேண்டும், முகத்தில் இளவெயிலும் வேண்டும் என்றால் மாலைதான் வழி. அப்போதும் மேற்கே உள்ள தோப்போ கட்டடமோ வெயிலை முன்கூட்டியே மறைத்துவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி இறங்குவதால், அடிவானத்துக்கும் 10 பாகை உயரத்துக்கும் இடைப்பட்ட மென்மையான வெளிச்சம் 40 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிலைக்கும். ஒரு டேக் முடிந்து வியர்வை துடைத்து, மடிப்பைச் சரிசெய்து, மூச்சு வாங்கி மீண்டும் நிற்பதற்குள் பத்து நிமிடம் கரைந்துவிடும். ஆகவே முழு உருப்படியையும் அந்த வெளிச்சத்தில் மூன்று முறை எடுத்தாலே பெரிது. அந்த உயரத்தில் சூரியன் நிற்கும்போது 160 செ.மீ. உயரமுள்ளவரின் நிழல் 9 மீட்டர் நீளும் என்பதையும் மறக்கலாகாது: வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் கேமராக் குழுவினரின் நிழல் ஆடுபவரின் காலடியில் போய் விழும்.

அடுத்தது தரை. உலர்ந்த மணலில், பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு ஒலி எழுப்பாது, குதிகால் புதையும், மிக விரைவான மூன்றாம் காலத்தில் கால் எழவே எழாது. அலை வந்து திரும்பும் ஈரப் பட்டை கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே கரையோரமாக வடக்கையோ தெற்கையோ பார்த்து அரைமண்டியில் அமர்ந்தால் ஒரு பாதம் மற்றதைவிடத் தாழ்ந்து இடுப்பு ஒருபக்கம் சாயும். வகுப்பில் கண்ணாடி முன் குறையின்றி இருந்த அரைமண்டி திரையில் கோணலாகத் தெரியும். கடலை நேராகப் பார்த்தோ, கடலுக்கு நேராக முதுகு காட்டியோ ஆடும்படி கோர்வைகளை (அடவுத் தொடர்களை) திருப்பி அமைப்பதே இதற்கு எளிய தீர்வு. சிப்பி, கண்ணாடித் துண்டு, தூண்டில் முள் ஆகியவற்றைப் பொறுக்கிய பின், இசையில்லாமல் சொற்கட்டை (அடவுக்குரிய தாளச் சொற்களை) சொல்லியபடி பாதி வேகத்தில் ஒருமுறை முழுவதும் ஆடிப் பார்க்க வேண்டும். முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டும் குதித்து மெட்டு அடவிலும் சுற்றுகளிலும் கணுக்கால் பிசகும் என்று ஆடுபவர் சொன்னால், அவற்றை அங்கேயே மாற்றிவிட வேண்டும். படப்பிடிப்பன்று சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது நடனமணியின் முழங்காலைப் பணயம் வைப்பதாகும்.

மணல் நினைவு வைத்துக்கொள்ளும் தரையும்கூட. முதல் டேக்கில் பதிந்த காலடிகள் இரண்டாவது டேக்கில், நடனம் தொடங்கும் முன்பே, கலைஞர் எங்கெங்கே போகப்போகிறார் என்று காட்டிக்கொடுக்கும். பலகையை இழுத்துச் சமன் செய்தாலும் அந்தப் பரப்பு மட்டும் தனியாகத் தெரியும். எனவே முழு உருவமும் தெரியும் வைட் ஷாட்டுகளை ஆள் மிதிக்காத மணலில் முதலில் எடுத்து, அடுத்த டேக்குக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, இடுப்புக்கு மேற்பட்ட ஷாட்டுகளைக் கடைசிக்கு வைக்க வேண்டும். ஈரப் பட்டையில் ஆடினால் அலையே அழித்துத் தரும். ஆனால் பாதத்தில் இட்ட சிவப்பும் கரைவதால் இடையிடையே தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பாட்டை ஒலிக்கவிடும் ஸ்பீக்கரின் இடத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். ஸ்பீக்கர் 34 மீட்டர் தள்ளியிருந்தால் தாளம் பத்தில் ஒரு நொடி தாமதித்தே காதில் விழும், அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) வேகத்தில் இரண்டரை ஃபிரேம் பிந்தும். ஜதிக்கு, அதாவது தாளச் சொற்களின் கோவைக்கு, ஆடும்போது அது பளிச்சென்று தெரியும். ஸ்பீக்கரைக் கேமராவில் தெரியும் பரப்புக்குச் சற்று வெளியே, காற்று வரும் திசையில் வைப்பது நல்லது. ஸ்லோ மோஷன் வேண்டுமென்று 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுவதாக இருந்தால், தாளம் பொருந்துவதற்கு இடத்தில் பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஒலிக்கவிட்டு ஆட வேண்டும். மணல் அதற்கு இடம்கொடுக்கிறதா என்பது டெஸ்ட் ஷூட்டில்தான் தெரியும். பெரும்பாலும் கைகளும் முகமும் மட்டுமுள்ள பகுதிகளுக்கே அது சரிவரும். சலங்கை ஒலியை அலையிரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க முயல வேண்டாம். பிறகு ஓர் அறையில் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கேமராவின் உயரத்தையும் சோதிக்க வேண்டும். சமதரையில் அடிவானக் கோடு கேமராவின் உயரத்திலேயே ஆடுபவரின் உடலைக் கடக்கும். கேமரா அவருடைய கழுத்தளவில் இருந்தால் கோடு கழுத்தை அறுக்கும். முழங்காலளவுக்கு இறக்கினால் உடல் வானத்தின்மேல் எழுந்து, முத்திரைகள் துலக்கமாகத் தெரியும். அதே உடையோ, அதே நிறத்தில் ஒரு பழைய உடையோ உடுத்தி எடுத்தால்தான் கடற்காற்றில் விசிறி மடிப்பு என்ன பாடுபடுகிறது என்பது புலப்படும்.

இவற்றுக்கெல்லாம் முன்பே முடிக்க வேண்டியது ஊராரிடம் பேசுவது. கரை மீனவர்களின் வேலையிடம். படகு ஏறும் நேரத்தையும் வலை காயும் இடத்தையும் கேட்டு, அதற்கேற்ப நம் நேரத்தை அமைத்துக்கொள்வதே முறை. மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களுக்கு முன் அனுமதி தேவை. ட்ரோன் பறக்கவிடுவதற்கு அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிடக் கரையேறும் காலமாதலால், விடியுமுன் பெரிய விளக்குகளைப் போடாதிருப்பது நல்லது.

எடுத்ததை அன்றே பெரிய திரையில் கலைஞருடன் அமர்ந்து பார்க்க வேண்டும். ஒருமுறை ஒலியின்றியும் பார்க்க வேண்டும், ஏனெனில் இசை பல குறைகளை மூடிவிடும். படப்பிடிப்பை இரண்டு வாரம் கழித்து வைப்பது என் பரிந்துரை. நாளுக்கு இருமுறை வரும் கடலின் ஏற்ற இறக்கம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போய், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 12 மணி நேரம் நகர்ந்து பழைய வேளைக்கே வந்துவிடுவதால், அமாவாசையன்று டெஸ்ட் ஷூட் எடுத்தவருக்குப் பௌர்ணமியன்று ஏறக்குறைய அதே வேளையில் அதே அகலமுள்ள ஈரப் பட்டை கிடைக்கும். சூரியன் உதிக்கும் நேரமும் சில நிமிடங்களுக்கு மேல் மாறியிராது. மாற்றியமைத்த அடவுகள் உடலில் பதிவதற்கும் அந்த அவகாசம் போதும்.