தண்ணீர் விடாத ஃப்ரூட் சாலட்: சித்திரைக் கூட்டத்துக்குச் செய்யும் முறை

மதுரையில் சித்திரை பிறந்துவிட்டால் வீட்டில் இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. மீனாட்சி கல்யாணத்துக்கு ஒரு கூட்டம் வரும், தேருக்கு ஒரு கூட்டம் வரும், தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்து விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் இன்னொன்று. வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் குடித்திருப்பார்கள், இருந்தாலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் சின்னப் பிள்ளையிலிருந்து அப்பத்தா வரைக்கும் எல்லோருக்கும் சில்லென்று ஏதாவது வேண்டும். எங்கள் வீட்டில் பல வருடங்களாக அந்த நேரத்துக்கு ஃப்ரூட் சாலட்தான், அதுவும் கஸ்டர்டும் கிரீமும் சேர்த்துக் கெட்டியாகச் செய்கிற ஃப்ரூட் சாலட்.

இதில் கஷ்டமான வேலை ஒன்றுமே இல்லை. ஆனால் பத்து வீட்டில் சாப்பிட்டால் எட்டு வீட்டில் கிண்ணத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. முதல் தடவை செய்தபோது எனக்கும் அப்படித்தான் ஆனது. முந்தின நாள் ராத்திரியே எல்லாப் பழங்களையும் வெட்டி, மேலே சர்க்கரையைத் தூவி, கஸ்டர்டில் கலந்து பெரிய சம்படம் நிறைய ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் மதியம் திறந்தால் கஸ்டர்ட் மோர் மாதிரி ஓடுகிறது, வாழைப்பழம் கறுத்துக் கிடக்கிறது. அப்பத்தா ஒரு வாய் வைத்துவிட்டு "ஏத்தா, கசக்குதே" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். இப்போது நான் விடாமல் கடைப்பிடிப்பது இதுதான்: பழம் தனியாகக் குளிரட்டும், கிரீம் தனியாகக் குளிரட்டும், ஆட்கள் கை கழுவி உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் சேர வேண்டும்.

கசந்ததற்குக் காரணம் பச்சை அன்னாசி. அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பாலில் உள்ள புரதத்தை உடைத்துவிடும், உடைந்த துண்டுகள்தான் நாக்கில் கசப்பாகத் தெரிகின்றன. பப்பாளியில் உள்ள பப்பைனும் இதே வேலையைத்தான் செய்யும். நன்றாகப் பழுத்த பப்பாளியில் அது குறைவுதான், ஆனாலும் நான் பப்பாளியைக் கலக்குவதே இல்லை, யாராவது ஆசைப்பட்டால் பரிமாறும்போது மேலே நாலு துண்டு வைத்துக் கொடுப்பேன். அன்னாசியை மட்டும் விட மனசு வராது, ஏனென்றால் இவ்வளவு பாலும் இனிப்பும் சேர்கிற இடத்தில் அந்தப் புளிப்பு ஒன்றுதான் திகட்டாமல் காப்பாற்றுகிறது. அதற்கு வழி இருக்கிறது. சூடு பட்டால் புரோமெலைன் செத்துவிடும். அன்னாசியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, தண்ணீரே ஊற்றாமல் அடி கனமான பாத்திரத்தில் வைத்தால் அதுவே சாறு விட்டுக் கொதிக்க ஆரம்பிக்கும். கொதி வந்த பிறகு 8 நிமிடம் போதும். வடிகட்டி ஆற வைத்துவிட்டு, அந்தச் சாற்றைக் கீழே கொட்டிவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள், குளிர்ந்த தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். டின்னில் வருகிற அன்னாசி ஏற்கெனவே சூடு காட்டியதுதான் என்பதால் அதை அப்படியே வடித்துப் போடலாம்.

சரி, அளவுக்கு வருவோம். 20 பேருக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் என்றால், வெட்டிய பழம் 2 கிலோ, கிரீம் கலவை ஒன்றரைக் கிலோ. கலவைக்குக் கொழுப்பு எடுக்காத பால் 1 லிட்டர் (ஆவின் ஆரஞ்சு பாக்கெட் என்றால் 6 சதவீதக் கொழுப்பு இருக்கும், அதுதான் இதற்குச் சரி, நீலத்தில் செய்தால் எவ்வளவு சுண்ட வைத்தாலும் அந்த வழவழப்பு வராது), வெனிலா கஸ்டர்ட் பவுடர் தலை தட்டி 5 மேசைக்கரண்டி, சர்க்கரை 75 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஃப்ரெஷ் கிரீம் 250 மில்லி.

கஸ்டர்டில் முட்டை இருக்குமோ என்று திருவிழா நேரத்தில் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இந்தப் பவுடரே முட்டையைத் தவிர்க்கப் பிறந்ததுதான். இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால், 1837-இல் கார்ன்ஃப்ளோரை வைத்து இதைச் செய்து பார்த்தார். ஆனாலும் வாங்கும்போது பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், கேட்பவர்களுக்குக் காட்டலாம்.

பாலில் ஒரு டம்ளரைச் சூடாக்காமல் தனியே எடுத்து, அதில் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாலைச் சர்க்கரையோடு கொதிக்க வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கரைத்ததை இன்னொரு தடவை கலக்கி (பவுடர் அடியில் படிந்திருக்கும்) ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துழாவ வேண்டும். கெட்டியானதும் உடனே இறக்கிவிடாதீர்கள், பச்சை வாசனை போக இன்னும் 2 நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பில் இருக்கும்போது தோசை மாவு பதத்தில் இருந்தால் குளிர்ந்த பிறகு இட்லி மாவு பதத்துக்கு வந்துவிடும். இறக்கியதும் கண்டென்ஸ்டு மில்க்கைச் சேர்த்துக் கலக்கி, ஆறும் வரை அவ்வப்போது கிண்டிக்கொண்டே இருந்தால் ஆடை படியாது. சூடாக ருசி பார்க்கும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிய வேண்டும், குளிர்ந்துவிட்டால் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும்.

ருசி பார்ப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது போகிற வருகிற அத்தையும் மதினியும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் வைத்துப் பார்ப்பார்கள், அந்த ஸ்பூன் திரும்பப் பாத்திரத்துக்குள் போய்விடக் கூடாது. எச்சில் என்பதால் மட்டும் சொல்லவில்லை. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தைக் கரைத்துவிடும், நன்றாகக் கெட்டியாக வந்த கஸ்டர்ட் சில மணி நேரத்தில் காரணமே தெரியாமல் நீர்த்துப் போவது இதனால்தான். கையில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கஸ்டர்ட் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் ஃப்ரெஷ் கிரீம். கிரீம் பாக்கெட்டை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், திரிந்தாற்போல் பிரிந்துவிடும், கீழ்த் தட்டில் இருந்தால் போதும். இரண்டையும் சேர்த்து மத்தால் நாலு சுற்று லேசாகக் கடைந்தால் பட்டு மாதிரி வரும். நான் இதோடு நன்றாகக் கனிந்த மாம்பழம் இரண்டைப் பிசைந்து வடிகட்டிச் சேர்ப்பேன், எசென்ஸ் எதுவும் தேவைப்படாது.

இனி பழம். மாம்பழத்துக்கு அழகர்கோவில், நத்தம் பக்கத்துத் தோட்டத்துக் காய் வரத்து சித்திரையில் தொடங்கிவிடும், மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் பார்த்துப் பொறுக்கலாம். பளபளவென்று ஒரே மஞ்சளாக, வாசனையே இல்லாமல் இருக்கும் பழத்தை எடுக்காதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் நாம்தான் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. நாலு நாளைக்கு முன்னாலேயே முற்றின காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ போட்டுவிட்டால் கவலையில்லை. பிசைவதற்கு இமாம்பசந்தோ செந்தூரமோ நன்றாகக் கனிந்தது வேண்டும். துண்டு போடுவதற்குக் கல்லாமை, அதுவும் முழுக்கப் பழுக்காத செங்காய்ப் பதத்தில். எல்லோரும் கடிக்கக் கருக்கென்று இருக்கட்டும் என்று ஆப்பிள் போடுகிறார்கள், எங்கிருந்தோ வந்து மெழுகு பூசிக் கிடக்கிற அந்த ஆப்பிளை விட நம் கல்லாமைச் செங்காய் எவ்வளவோ மேல், கறுக்கவும் கறுக்காது.

வாழைப்பழத்துக்கு என் ஓட்டு சிறுமலைப் பழத்துக்குத்தான். சின்னதாக, தோல் சுருங்கி, பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் மற்ற ரகங்களை விட அதில் ஈரம் குறைவு, சதை கெட்டி, லேசான புளிப்பும் மணமும் வேறு எதிலும் வராது. புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. தோல் பச்சையாக இருக்கும்போது அவசரப்பட்டு உரிக்காதீர்கள், தோல் சுருங்கினால்தான் பழம். கிடைக்கவில்லை என்றால் கற்பூரவல்லி போடலாம். ரஸ்தாளி பரவாயில்லை. பச்சை வாழைப்பழம் கலக்கும்போதே குழைந்துவிடுகிறது, வேண்டாம்.

சப்போட்டா கை வைத்தால் லேசாக அமுங்கும் பதத்தில் 4. திராட்சை கால் கிலோ, கொட்டையில்லாததாக. கம்பம் பன்னீர் திராட்சை எனக்கு உயிர், ஆனால் அதன் தோலும் கொட்டையும் கிரீமுக்கு நடுவில் ஒத்துவராது, அதைத் தனியாகத் தட்டில் வையுங்கள். மாதுளை இரண்டு, முத்துகளைக் கடைசியில் மேலே தூவ மட்டும், உள்ளே கலந்தால் கிரீம் முழுக்கச் சாயம் இறங்கும். நுங்கு கிடைக்கிற காலம் என்பதால் இளசாக 8 சுளை வாங்கி, தோலை உரித்து, நாலாக நறுக்கி வடிதட்டில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், அதன் தண்ணீர் வடிந்த பிறகு சேர்த்தால் பல்லில் படும்போதே குளிர்ச்சி தெரியும். பலாச்சுளை சேர்த்தால் மற்ற எதன் மணமும் நிற்காது, பலா வேண்டுமென்றால் பலாவும் வாழையும் மட்டும் வைத்துத் தனியாகச் செய்யுங்கள். தர்பூசணி, கிர்ணி, ஆரஞ்சு மூன்றும் கூடவே கூடாது. முதல் இரண்டும் வெறும் தண்ணீர், ஆரஞ்சின் புளிப்பில் பால் திரியும்.

எந்தப் பழத்தைக் கழுவினாலும் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய பழத்தின் மேல் சர்க்கரை தூவவே கூடாது. மாங்காயில் உப்பைப் போட்டு ஊறுகாய்க்கு வைத்தால் மறுநாள் எப்படித் தண்ணீர் விட்டு நிற்கிறதோ அதேதான் சர்க்கரை பட்ட பழத்திலும் நடக்கும். இனிப்பு போதாது என்றால் கிரீமில் கூட்டிக்கொள்ளுங்கள், பழத்தில் வேண்டாம். மாம்பழம், சப்போட்டா, திராட்சை, வேக வைத்த அன்னாசி இவற்றைக் காலையிலேயே தயார் செய்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வாழைப்பழத்தை மட்டும் சாலட் கலக்குகிற நேரத்தில் நறுக்கி நேராகக் கிரீமுக்குள் போடுங்கள், கிரீம் மூடிக்கொண்டால் காற்றுப் படாது, சீக்கிரம் கறுக்காது.

கலக்குவது பரிமாறுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால். மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிவிட வேண்டும், சுற்றிச் சுற்றிக் கிண்டினால் குழைந்துவிடும். மதுரை என்பதால் நான் ஒன்று கூடுதலாகச் செய்வேன். ஜிகர்தண்டாவுக்குப் போடுகிற பாதாம் பிசினை முந்தின ராத்திரியே 2 டீஸ்பூன் எடுத்துப் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிடுவேன், காலையில் பல மடங்கு உப்பியிருக்கும். அதை வடித்துக் குளிர வைத்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் சாலட்டுக்கு மேல் ஒரு ஸ்பூன், அதன் மேல் அரை ஸ்பூன் நன்னாரி சர்பத். வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள் இதற்காகவே இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள்.

வெயிலை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலும் வெட்டிய பழமும் சேர்ந்த பண்டம் இந்தச் சித்திரைச் சூட்டில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வயிற்றைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்காமல் பந்திக்குப் பந்தி பாதி பாதியாகக் கலப்பது நல்லது. ஃப்ரிட்ஜில் இடமில்லை, கரண்டும் போய்விட்டது என்றால், பெரிய அண்டாவில் உடைத்த ஐஸைப் போட்டு அதில் இரண்டு கை கல் உப்பைத் தூவி, கிரீம் பாத்திரத்தை இறுக மூடி நடுவில் இறக்கி வையுங்கள். உப்பு சேர்ந்ததும் ஐஸ் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போய்விடும், ஃப்ரிட்ஜை விட வேகமாகக் குளிரும். பாளம் பாளமாக வாங்குகிற ஐஸ் வாயில் வைக்கிற ஐஸ் இல்லை, அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பரிமாறுகிற எவர்சில்வர் கிண்ணங்களையும் முன்கூட்டியே குளிர வைத்துவிட்டால் கடைசி வாய் வரைக்கும் சில்லென்று இருக்கும்.

பழம் கலக்காத கிரீம் மீந்தால் மறுநாள் வரைக்கும் ஃப்ரிட்ஜில் தாங்கும். கலந்து மீந்துபோனதை மிக்சியில் ஒரு சுற்று அடித்து, குச்சி ஐஸ் அச்சிலோ சின்ன டம்ளரிலோ ஊற்றி ஸ்பூனைச் செருகி உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அழகர் மலைக்குத் திரும்புகிற வரைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஓடும்.