டர்போ லேக் இருக்கா? ஆன்டி-லேக் கேக்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

தஞ்சாவூர்லேந்து கும்பகோணம் போற ரோட்டுல, ஐயம்பேட்டை தாண்டி ஒரு பஸ்ஸ ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டர அமுக்குனா வண்டி ரெண்டு செகண்டு யோசிச்சிட்டு அப்புறம்தான் பாயும், அதுதான் டர்போ லேக். டர்போங்கறது இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற கருவி. எக்ஸாஸ்ட் புகை வேகம்தான் அதோட டர்பைன, அதாவது உள்ள இருக்க சக்கரத்த, சுத்த வைக்கணும், அது வேகம் புடிக்கிற வரைக்கும் பூஸ்ட், அதாவது அந்த அமுக்குன காத்து, வராது.

ராலி கார்ல இதுக்குத்தான் ஆன்டி-லேக். கால எடுத்தாலும் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காத்து போற கதவு) லேசா தொறந்தே இருக்கும், ஸ்பார்க்க ரொம்ப லேட்டா அடிக்க விடுவாங்க, பெட்ரோல் சிலிண்டருக்குள்ள முழுசா எரியாம எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல (இன்ஜின்லேந்து புகை வெளிய வர்ற குழாய்ல) போய் வெடிக்கும், அந்த வேகத்துல டர்பைன் சுத்திக்கிட்டே இருக்கும். பட்பட்னு சத்தம் வர்றது அதான். ஆனா அந்தச் சூட்டுல டர்போ, மேனிஃபோல்டு, வால்வு எல்லாமே சீக்கிரம் போயிடும். டீசல் வண்டில ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதனால இந்த முறை அதுக்கு ஒத்தே வராது. ரோட்டு வண்டிக்கு இத போடாதீங்க, தயவுசெஞ்சு.

சரி, நாம என்ன பண்ணலாம்?

முதல்ல ஏர் ஃபில்டர். அறுப்பு நேரத்துல மெஷின் ஓடுற வயல் பக்கமா போயிட்டு வந்தா கருக்காவும் தூசியும் அப்பிக்கும். பாக்ஸ தொறந்து, ஃபில்டர எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, வெளிச்சமே தெரியலன்னா மாத்திடுங்க.

ரெண்டாவது, இதுதான் முக்கியம், ஹோஸ். இன்ஜின் நல்லா ஆறுனப்புறம் டர்போலேந்து இன்டர்கூலர் (அமுக்குன காத்த ஆற வைக்கிறது), அங்கேந்து இன்ஜின் வரைக்கும் ரப்பர் ஹோஸ கையால தடவிக்கிட்டே போங்க, அடிப்பக்கமும் சேத்து. எங்க வண்டில கிளாம்புக்குக் கீழ விரல் வெச்சா கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுச்சு, தொடச்சுப் பார்த்தா நகம் அளவுக்கு வெடிப்பு. மேலேந்து பார்த்தா தெரியவே தெரியாது! சந்தேகமா இருந்தா மெக்கானிக்க காத்து அடிச்சு சோப்புத் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, நுரை வர்ற எடம்தான் லீக். ஹோஸ் மாத்துனதும் பாதி லேக் போயிடுச்சு.

மூணாவது, ஆயில். மேனுவல்ல போட்டிருக்க கிரேடுதான், தேதி தள்ளாம.

கடைசியா கியர். அஞ்சுல 1,300 ஆர்பிஎம்ல போயிட்டே அமுக்குனா நெறைய டர்போ சரியா எழுந்திரிக்காது. ஓவர்டேக்குக்கு முன்னாடியே மூணுக்கு எறக்கி, 2,000 பக்கம் கொண்டுவந்து, எதிர்ல வண்டி இல்லன்னு பார்த்துட்டு அப்புறம் அமுக்குங்க.